சிறிய சபையில் சிறுவர் ஊழியம்: ஞாயிறு பள்ளியா, வி.பி.எஸ்.ஸா, வாரநாள் கிளப்பா?

ஐம்பது பேர் கூடுகிற ஒரு பாப்டிஸ்ட் சபை. பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அதில் மூன்று வயதுக் குழந்தையும் உண்டு, பன்னிரண்டு வயதுப் பையனும் உண்டு. இப்படிப்பட்ட சபையில் சிறுவர் ஊழியம் தொடங்க நினைத்தால், முதலில் பிள்ளைகளை எண்ணாதீர்கள். மழையானாலும் வெயிலானாலும் தவறாமல் வந்து நிற்கிற பெரியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

பலருக்கும் முதலில் ஆசை வருவது வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி மேல்தான். அதற்கு நல்ல வரலாறும் உண்டு. 1898-ல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற அம்மையார், கோடையில் தெருவில் திரிந்த பிள்ளைகளைக் கூட்டி வேதம் சொல்லிக்கொடுத்தார். பிறகு ராபர்ட் போவில் என்ற பாப்டிஸ்ட் ஊழியர் அதைப் பல சபைகளுக்கும் கொண்டுபோனார். சபைக்கு வெளியே இருக்கிற பிள்ளைகள் உள்ளே வர இதைப்போல வேறு வாசல் இல்லை. ஆனால் ஐந்து நாள் பாட்டும் விளையாட்டுமாக இருந்துவிட்டு அடுத்த ஞாயிறு ஆவலோடு வருகிற பிள்ளைக்கு வகுப்பே இல்லையென்றால்? ஆசிரியர்களும் அந்த ஐந்து நாளிலேயே களைத்துப்போயிருப்பார்கள்.

இதில் இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. கடைசி நாளில் "இயேசுவை ஏற்றுக்கொண்டவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றால் ஆறு வயதுப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கையைத் தூக்கும். அறிந்து அறிக்கை செய்கிற விசுவாசிக்கே ஞானஸ்நானம் என்று நம்புகிற நாம், அந்தக் கைகளை எண்ணிக் கணக்குக் காட்டக் கூடாது. சுவிசேஷத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, பிள்ளை கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அதற்கு ஐந்து நாள் போதாது.

வாரநாள் கிளப்புகளில் பலரும் அறிந்தது அவானா. 1950-ல் சிகாகோவில் தொடங்கியது. மனப்பாட வசனத்தில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து வசனம் கேட்க ஆள் வேண்டும், விளையாட்டு நடத்த ஆள் வேண்டும், கைப்புத்தகங்களுக்குப் பணமும் வேண்டும். சிறிய சபைக்கு இது பெரிய சுமை.

பிரசங்க நேரத்தில் பிள்ளைகளைத் தனி அறைக்கு அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாரம் தவறாமல் அதே இரண்டு சகோதரிகள் பிரசங்கத்தை இழப்பார்கள். கைக்குழந்தைகளுக்கு மட்டும் ஓர் ஏற்பாடு இருந்தால் போதும்.

என் தேர்வு, ஆராதனைக்கு முன் நாற்பத்தைந்து நிமிட ஞாயிறு பள்ளி. 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டரில், வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய முறை இது. 1785-ல் இதற்கென்று லண்டனில் ஒரு சங்கத்தை உருவாக்கிய வில்லியம் ஃபாக்ஸ் ஒரு பாப்டிஸ்ட் டீக்கன். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு ஆராதனையில் உட்காரலாம்.

எல்லா வயதும் ஒரே அறையில் எப்படி என்று தயங்க வேண்டாம். யோவான் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளை வேதாகமத்தைத் திறந்து வாசிக்கட்டும். இடைப்பட்ட வயதுப் பிள்ளைகள் ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டுவந்த பையனாகவும் சீஷர்களாகவும் நடிக்கட்டும். சின்னவர்கள் காகித அப்பங்களை எண்ணி ஒட்டட்டும். கதை ஒன்று, வேலை மூன்று. பன்னிரண்டு வயதுப் பையனுக்குச் சலிப்புத் தட்டினால் அவனையே உதவி ஆசிரியனாக்கிவிடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு விதியில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பெரியவர்கள் அறையில் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். நன்றாகத் தெரிந்த ஆள்தானே என்று யாருக்கும் விலக்கு வேண்டாம். ஒருவர்தான் வந்திருக்கிறார் என்றால் அன்று பிள்ளைகள் பெரியவர்களின் வகுப்பிலேயே உட்காரட்டும்.

நான்கு பேர் கிடைத்தால் இருவர் இருவராக மாதம் மாற்றி நடத்தலாம். ஒரு வருடம் வகுப்பு நிலைத்தபின் வி.பி.எஸ். வைக்கலாம், அதுவும் மூன்று மாலைகள் போதும். புதிதாக வந்த பிள்ளைகளின் வீட்டுக்கு அந்த வாரமே ஆசிரியர்கள் இருவராகப் போய்ப் பெற்றோரைச் சந்தித்து, ஞாயிறு வகுப்பின் நேரத்தைச் சொல்லி அழைத்துவிட்டு வரட்டும்.