சோலார் ஹீட்டர் வச்சிருக்கவங்க கவனம்: “லெஜியோனெல்லா சர்டிபிகேட்” தர்ற பிளம்பர்

கோலாலம்பூர்ல, முக்கியமா செந்தூல், செகாம்புட், கெப்போங் பக்கம் தரை வீட்டுல சோலார் ஹீட்டர் போட்டிருக்கவங்க தயவு செஞ்சு இத முழுசா படிங்க. லெஜியோனெல்லாங்கற தண்ணிக் கிருமிய ஒழிக்க அக்ரெடிட்டட், அதாவது அங்கீகாரம் வாங்கின பிளம்பர்னு கார்டு காட்டிட்டு ஒரு ஆளு வேலைக்கு வராரு. எங்க வீட்டுல 1,450 ரிங்கிட் வாங்கிட்டுப் போனாரு. காசு கூட விடுங்க, அவர் செஞ்ச வேலையால எங்க தண்ணி முன்ன இருந்தத விட ஆபத்தா ஆயிடுச்சு.

அப்பா கிட்னி மாத்தினவரு. அதுக்குப் போடற மருந்தே உடம்போட எதிர்ப்பு சக்திய அடக்கி வைக்கிற மருந்து. ஷவர் தண்ணி, ஹீட்டர் தண்ணி விஷயத்துல கவனமா இருங்கன்னு கிளினிக்ல டாக்டர் சொல்லியிருந்தாங்க. இந்தக் கிருமி குடிச்சு வர்றத விட, ஷவர்ல இருந்து புகை மாதிரி பறக்குற சின்னத் துளிய மூச்சுல இழுத்துத்தான் நுரையீரலுக்குப் போகும், கடுமையான நிமோனியா ஆக்கிடும். 1976ல அமெரிக்காவுல பிலடெல்பியா ஹோட்டல் ஒன்னுல கூடின பழைய ராணுவக்காரங்கள்ல 29 பேரு செத்தப்பதான் இப்படி ஒன்னு இருக்குன்னே உலகத்துக்குத் தெரிஞ்சது. 20ல இருந்து 45 டிகிரி வரைக்கும் இருக்கற தண்ணியில நல்லா வளரும். நம்ம ஊரு வெயிலுக்குக் கூரை மேல இருக்கற டேங்க் தண்ணி சும்மாவே 30 டிகிரி கிட்ட நிக்கும், ரெண்டு நாள் மழை மூட்டமா இருந்தா சோலார் தண்ணியும் வெதுவெதுன்னு ஆயிடும். அதனாலதான் ஆள் தேடினோம்.

வந்தவரு ரொம்ப மரியாதையா பேசினாரு, அம்மாவ “அம்மா அம்மா”ன்னு கூப்பிட்டாரு, நீலக் கலர்ல போட்டோ ஒட்டின கார்டு, அதுல அக்ரெடிட்டட்னு இங்கிலீஷ்ல பெருசா போட்டிருந்துச்சு. மேல ஏறி டேங்க்ல குளோரின் ஊத்தினாரு, கொஞ்ச நேரம் விட்டாரு, கீழ இறங்கி கிச்சன் பைப்ப மட்டும் தொறந்து மோந்து பாத்தாரு, முடிஞ்சுச்சுன்னாரு. குளோரின் டேங்க்ல இருந்தா மட்டும் என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு பைப்பு, ஒவ்வொரு ஷவரும் தொறந்து அந்தத் தண்ணி அங்க வரைக்கும் வந்து நிக்கணும், 50 பிபிஎம் (லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின்) போட்டா கொறஞ்சது ஒரு மணி நேரம், அப்புறம் எல்லாத்தையும் நல்லா அலசி விடணும். ஷவர் ஹெட்ட கழட்டி உப்பு படிஞ்சத சுத்தம் பண்ணணும், அதையும் தொடல. பின்னாடி ரூம் பாத்ரூம இடிச்சு ஸ்டோர் ஆக்கினப்ப மூடி விட்ட பைப் ஒன்னு இருக்கு, தண்ணி ஓடாம அங்கயே தேங்கி நிக்கும், கிருமிக்கு அதவிட நல்ல எடம் கிடையாது, அம்மா காட்டியும் அத வெட்டி எடுக்கல.

இதெல்லாத்தையும் விட மோசம் என்னன்னா, கரண்ட் பில்லு மிச்சமாகும்னு சொல்லி ஹீட்டர் பூஸ்டரோட (வெயில் பத்தாதப்ப கரண்ட்ல சூடாக்கறது) தெர்மோஸ்டாட்ட, அதாவது சூட்ட செட் பண்ற திருகிய, 60 டிகிரில இருந்து 45க்கு இறக்கி வச்சிட்டாரு! 60ல சேத்து வச்சா அது சாகும், 45ல சாகாது. லெஜியோனெல்லா படிச்சவன்னு சொல்றவருக்கு முதல் பாடமே அதுதானே. 60 டிகிரி தண்ணி வயசானவங்க தோல சுட்டுடும்னு பயந்தா அதுக்கு ஷவர் கிட்ட பச்சத் தண்ணி கலந்து சூட்ட குறைக்கற மிக்சிங் வால்வு போடணும், டேங்க் சூட்ட குறைக்கக் கூடாது.

அன்னைக்கே சர்டிபிகேட் குடுத்தாரு, சாப்பு (முத்திரை) குத்தி, “லெஜியோனெல்லா இல்லை”ன்னு. மச்சான் ஒரு ஹோட்டல்ல மெயின்டெனன்ஸ்ல இருக்காரு, அந்தப் பேப்பர பாத்த உடனே, “அக்கா, தண்ணி எடுத்தாரா, எந்த பாட்டில்ல எடுத்தாரு?”ன்னு கேட்டாரு. பாட்டிலே கிடையாது. லேப்ல அந்தக் கிருமிய வளத்துப் பாக்கவே ஒரு வாரம் பத்து நாள் ஆகும், ஐஎஸ்ஓ 11731 முறைன்னு பேரு. சீக்கிரம் பாக்கற பிசிஆர் டெஸ்டும் இருக்கு, ஆனா அதுக்கும் தண்ணி எடுத்துட்டுப் போகணுமே! வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு யாராலயும் இல்லைன்னு எழுதிக் குடுக்க முடியாது.

அந்தக் கார்டு ஆன்லைன்ல சில மணி நேரத்துல முடிக்கிற விழிப்புணர்வு கோர்ஸ் ஒன்னுக்குக் குடுத்தது, பிரிட்டன் சட்டத்த வச்சு நடத்துற கோர்ஸ். கோர்ஸ் கெட்டதுன்னு சொல்லல, நல்லதுதான், ஆனா அத முடிச்சா ஆபத்து என்னன்னு தெரியும், அவ்வளவுதான். பிரிட்டன்லயே படிப்பும் வேணும் அனுபவமும் வேணும், அப்பதான் தகுதியான ஆளுன்னு எடுத்துக்குவாங்க. நம்ம நாட்டுல குடிதண்ணி பைப் வேலைக்கு ஸ்பான்ங்கற தேசிய தண்ணீர் சேவை ஆணையத்தோட பெர்மிட் வேணும், 2006 தண்ணீர் சேவைத் தொழில் சட்டம் அப்படித்தான் சொல்லுது. அந்த பெர்மிட் நம்பர கேட்டப்ப “புதுப்பிக்கக் குடுத்திருக்கேன்”னாரு, அப்புறம் போனே எடுக்கல. பெர்மிட் இருந்தாலும் அது பைப் வேலைக்குத்தான், கிருமி இல்லைன்னு சொல்ற அதிகாரம் இல்ல. அத சொல்ல வேண்டியது லேப்தான், அதுவும் சாம்ங்கற மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டத்துல அங்கீகாரம் வாங்கின லேப், ரிப்போர்ட்ல லேப் பேரு, எங்க இருந்து தண்ணி எடுத்தாங்க, என்னைக்கு எடுத்தாங்க, எத்தன கிருமின்னு எல்லாம் இருக்கணும்.

நாங்க தெர்மோஸ்டாட்ட திரும்ப ஏத்திட்டோம், வேற ஆளு வந்து தண்ணி தேங்கி நின்ன அந்த பைப்ப, அது பிரியற டீ ஜாயின்ட் கிட்டயே வெட்டி மூடிட்டாரு, லேப்புக்குத் தண்ணி போயிருக்கு. ரிசல்ட் வர்ற வரைக்கும் அப்பாவுக்கு ஷவர் கிடையாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல கேஸ் போட்டாச்சு, கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீல் தேவையில்ல, 50,000 ரிங்கிட் வரைக்கும் கேக்கலாம். அவர் குடுத்த ரிசிட், வாட்சாப் மெசேஜ், 45ல நின்ன தெர்மோஸ்டாட் போட்டோ எல்லாம் சேத்துக் குடுத்தோம். உங்க வீட்டுலயும் இதே மாதிரி அன்னைக்கே சாப்பு குத்தின பேப்பர் இருந்தா தூக்கிப் போட்றாதீங்க, பத்திரமா வைங்க, ஹீட்டர் எத்தன டிகிரியில நிக்குதுன்னு இன்னைக்கே போய்ப் பாருங்க.