மூட்டுவலி பேக்கேஜ் ரத்த டெஸ்ட், எடுக்கலாமா?

அம்மாவுக்கு ரொம்ப நாளா முழங்கால் வலி, மாடிப்படி இறங்கணும்னா கைப்பிடியை பிடிச்சுக்கிட்டு ஒருக்களிச்சுதான் இறங்குவாங்க. எங்க ஏரியா லேப் ஒண்ணுல ‘மூட்டுத் தேய்மானத்தை ரத்தத்துலயே முன்கூட்டி கண்டுபிடிங்க’ன்னு நோட்டீஸ் போட்டிருந்தாங்க, அதான் பேக்கேஜ் புக் பண்ணோம். சர்வீஸ்ல குறையே இல்ல, காலையிலயே வீட்டுக்கு வந்து வலிக்காம ரத்தம் எடுத்தாங்க, சாயங்காலமே வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் வந்துடுச்சு.

உள்ள இருந்தது ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி, யூரிக் ஆசிட், அப்புறம் உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற சிஆர்பி, ஈஎஸ்ஆர். எல்லாமே நார்மல். முடக்குவாதமா, யூரிக் ஆசிட் படிஞ்சு மூட்டு வீங்குற கவுட்டான்னு பிரிச்சு பாக்க இதெல்லாம் உதவும்தான், ஆனா தேய்மானத்தை காட்டுற டெஸ்ட் இதுல ஒண்ணுகூட கிடையாது. டாக்டர் காலை மடக்கி நீட்டி பாத்துட்டு நிக்க வச்சு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், மூட்டு இடைவெளி குறைஞ்சிருக்கறது அதுல பளிச்னு தெரிஞ்சுது. ரிப்போர்ட்ல ‘நார்மல்’னு பாத்துட்டு அம்மா "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையாடா"ன்னு கேட்டாங்க பாருங்க, அதுலதான் எனக்கு கோபமே வந்துச்சு.

ரத்தத்துல கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி நிஜமாவே நடக்குது. ஐஸ்லாந்துல 37,278 பேரோட ரத்தத்துல கிட்டத்தட்ட 4,800 புரதங்களை அளந்து பாத்து, சிஆர்டிஏசி1ங்கற புரதம் தேய்மானம் இருக்கறவங்களுக்கு அதிகமா இருக்குன்னு 2021ல சொன்னாங்க, யாருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் வரைக்கும் போகும்னு கணிக்கவும் அது உதவுதாம். ஆனா ஒரு புரதம் அதிகமா இருக்குன்னா அதனால மூட்டு தேஞ்சுதா, இல்ல தேஞ்சதால அது ஏறுச்சா? வலி வந்தா நடை குறையும், வெயிட் போடும், அதுலயே பல புரதம் மாறிடும். இங்கதான் ஜீன் கை குடுக்குது. ஒரு புரதத்தை கூட்டுற ஜீன் மாற்றம் பிறக்கும்போதே வந்துடுது, வலி வந்து அதை மாத்த முடியாது. அந்த மாற்றம் இருக்கறவங்களுக்கு முழங்கால் தேய்மானமும் அதிகமா வந்தா, அந்தப் புரதத்துக்கு இதுல நேரடி பங்கு இருக்கலாம்னு சந்தேகப்படலாம், மருந்துக்கும் அங்க ஒரு வழி கிடைக்கலாம். வரலைன்னாலும் நோயோட அடையாளமா அந்தப் புரதம் பயன்படலாம், ரெண்டும் வேற வேற விஷயம்.

இந்த மாதிரி புரதம் எதுவும் நாங்க எடுத்த பேக்கேஜ்ல இல்ல. காலையில எழுந்ததும் விரல் மூட்டெல்லாம் ரொம்ப நேரம் இறுகி வீங்கியிருந்தா, டாக்டர் எழுதிக் குடுத்தா, தாராளமா எடுங்க. வயசானவங்களுக்கு முழங்கால் மட்டும்தான் வலின்னா முதல்ல எலும்பு டாக்டரை பாருங்க. லேப்காரங்க அந்த ‘முன்கூட்டி’ங்கற வரியை நோட்டீஸ்ல இருந்து எடுக்கணும், எடுத்தா அஞ்சு ஸ்டார் குடுப்பேன், இப்போதைக்கு ரெண்டுதான்.