எஸ்2000 போய் ஜிஆர் யாரிஸ் வந்தது: பத்து மாதம் ஓட்டிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புதுக் கார் எனக்குப் பிடித்திருக்கிறது. பழையதை விற்றுவிட்டு அழுது புலம்பப் போகிறேன் என்று நினைத்து வந்தவர்கள் ஏமாறலாம். சிங்கப்பூரில் 13 ஆண்டு ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டியவன், சென்ற ஆண்டு அதை விற்று டொயோட்டா ஜிஆர் யாரிஸ் எடுத்தேன். புதுசு என்றால் என் கைக்குப் புதுசு, 2021 பதிவு. "டர்போவா? அதுவும் மூணு சிலிண்டரா? உனக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்காத நண்பன் இல்லை. ஒவ்வொருத்தனுக்கும் கோப்பிக்கடையில் உட்கார்ந்து தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால்தான் இது.

எஸ்2000 2006இல் பதிவானது, 2012இல் என்னிடம் வந்தது. ஹோண்டா அந்த மாடலை 1999இல் வெளியிட்டு 2009இல் நிறுத்திவிட்டது. 1,997 சிசி, டர்போ கிடையாது, 240 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுற்று (ஆர்பிஎம்) வரை சுற்றும். டர்போ வைத்துக் காற்றை அழுத்தித் திணிக்காமல் இரண்டு லிட்டர் இன்ஜினிலிருந்து இவ்வளவு சக்தியைக் கறக்க வேண்டுமானால், அதை இன்னும் வேகமாகச் சுற்றவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் 6,000க்குக் கீழே அது பரம சாது. தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போகும்போது பக்கத்தில் வரும் டாக்சிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 6,000ஐ ஒட்டி விடெக் என்ற ஹோண்டாவின் வால்வு ஏற்பாடு வேலை செய்யும். வால்வுகளை இன்னும் ஆழமாக, இன்னும் நீண்ட நேரம் திறந்து வைக்கும் வேறொரு கேமுக்கு இன்ஜின் தாவும். அந்த நொடியில் குரல் மாறும் பாருங்கள், கீழே இழைத்துக்கொண்டிருந்த நாயனம் சட்டென்று மேல் ஸ்தாயிக்குப் போனதுபோல் இருக்கும். டேஷ்போர்டில் வளைவாக ஏறும் அந்த டிஜிட்டல் கோடுகள் சிவப்பை நோக்கி ஓடும், மணிக்கட்டை மட்டும் அசைத்து அடுத்த கியரைப் போடலாம், அவ்வளவு குட்டையான கியர் குச்சி. முதல் தடவை கேட்டபோது காரை ஓரம் கட்டி நிறுத்தி ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, அதைச் சிங்கப்பூரில் எங்கே கேட்பது? இரண்டாம் கியரில் 9,000 தொட்டால் வேகக் காட்டி 100ஐத் தாண்டிவிடும். நம் விரைவுச்சாலைகளில் உச்ச வரம்பே 90, பல இடங்களில் 80. அதாவது அந்த இன்ஜின் வாயைத் திறந்து பாட ஆரம்பிக்கும்போதே கேமரா படம் எடுத்து முடித்திருக்கும். விரைவுச்சாலையில் நுழையும் இணைப்புச் சாலையில், முன்னால் லாரி இல்லாத நாளில், இரண்டு மூன்று நொடி. முழுப் பாட்டு கேட்க மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடம் வரை போக வேண்டும், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். போகும்போது எல்லையில் முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று வேறு பார்த்துக்கொள்ள வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை போனேன், கொரோனாவில் அதுவும் நின்றது. ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 13 ஆண்டில் 8,000க்கு மேல் ஓட்டிய நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு மத்தியானத் தூக்கம் அளவுக்குக்கூட வராது. மிச்ச நேரமெல்லாம் கிளட்சை மிதித்துக்கொண்டு பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில்.

இதற்கு நடுவில் சிஓஇ, அதாவது இங்கே கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய பத்து ஆண்டு உரிமைச் சான்றிதழ். 2016இல் பத்து ஆண்டு முடிந்தபோது ஐம்பதாயிரத்துச் சொச்சம் வெள்ளி கட்டி இன்னொரு பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். அதற்கே வீட்டில் ஒரு வாரம் பேச்சில்லை. மறுபடி புதுப்பிக்க வேண்டுமானால் கட்ட வேண்டியது கடைசி மூன்று மாத ஏலத்தின் சராசரி, சென்ற ஆண்டு பெரிய இன்ஜின் கார்களுக்கான பி பிரிவில் அது லட்சம் வெள்ளியைத் தாண்டி நின்றது. பத்து வயதைக் கடந்த காருக்குச் சாலை வரியில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாகக் கூடுதல் கட்டணம் ஏறி ஐம்பதில் போய் நிற்கும், என் எஸ்2000க்கு வருஷத்துக்குச் சுமார் 1,810 வெள்ளி. ஜிஆர் யாரிஸுக்கு அதில் பாதிகூட இல்லை, சுமார் 765. வருடா வருடம் சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்துவது தனி. பணக் கதை இவ்வளவுதான், இங்கே கார் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

பழையதைக் கொடுத்துவிட்டு வேறு கார் எடுக்கலாம் (டிரேட்‑இன்) என்று ஊபி பக்கம் ஒரு விற்பனையாளரிடம் போனேன், பெயர் வேண்டாம். தொலைபேசியில் ஒரு விலை சொன்னார், சந்தோஷமாகக் கிளம்பிப் போனேன். நேரில் காரைச் சுற்றி வந்தார், துணிக் கூரையில் ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் இரண்டு தட்டு தட்டினார், குனிந்து சைலன்சரைப் பார்த்தார், "இது ஒரிஜினல் இல்லையே அங்கிள்" என்றார். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டாயிரம், மூவாயிரம் என்று குறைந்து கடைசியில் பன்னிரண்டாயிரம் கீழே வந்து நின்றது. விலை குறைந்ததைவிட அந்தத் தட்டுதான் எரிச்சலாக இருந்தது. பெண் பார்க்க வந்தவன் சுவரைத் தட்டிப் பார்த்ததுபோல. ஏசியில் உட்கார வைத்துக் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பிறகு நானே விளம்பரம் போட்டு, ஈசூனில் இருக்கும் ஒரு தம்பிக்கு நேராக விற்றேன். மிச்சம் இருந்த மாதங்களை ஓட்டிவிட்டு லட்சத்தைக் கட்டிப் புதுப்பிப்பது அவன் பாடு. கல்யாணம் ஆகவில்லை என்றான், முகத்திலேயே தெரிந்தது. பழைய கார் இப்படிப்பட்டதாக இருந்தால் டிரேட்‑இன் பக்கம் போகாதீர்கள். அவர்கள் இன்றைக்கே ஏற்றுமதி செய்தால் என்ன தேறும் என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

இனி யாரிஸ். பெயரைப் பார்த்து மளிகைக் கடைக்குப் போகும் கார் என்று நினைத்துவிடக் கூடாது. உலக ராலிப் பந்தயத்தை மனதில் வைத்து டொயோட்டா செய்தது, 2020இல் அறிமுகமானது. முன்பாதி யாரிஸின் அடித்தளம், பின்பாதி கொரோலாவுடையது. மூன்று கதவு, கார்பன் கூரை, அலுமினியக் கதவுகள். என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த வகை. 1,618 சிசி, மூன்று சிலிண்டர், 272 குதிரைத்திறன். (ஏ பிரிவின் 1,600 சிசி வரம்பை 18 சிசி தாண்டியதால்தான் பி பிரிவுக்குப் போனது என்று ஒரு நண்பர் எனக்காக வருத்தப்பட்டார். அப்படி இல்லை. ஏ பிரிவுக்கு 130 குதிரைத்திறன் என்ற வரம்பும் உண்டு, இது அதில் இரண்டு மடங்குக்கு மேல்.) நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிறது, அப்படியும் எடை 1,280 கிலோதான், கூரையைத் திறக்கும் இரண்டு இருக்கை எஸ்2000க்கும் இதற்கும் ஏறக்குறைய ஒரே எடை.

ஆனால் நான் சொல்ல வந்தது குதிரைத்திறனைப் பற்றி அல்ல, டார்க்கைப் பற்றி, அதாவது இன்ஜினின் முறுக்குவிசையைப் பற்றி. எஸ்2000இல் உச்ச டார்க் 208 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது 7,500 ஆர்பிஎம்மில். யாரிஸில் 370, அதுவும் 3,000இலேயே. டர்போவில், புகைபோக்கிக்கு வீணாகப் போகும் சூடான வாயுவை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றி, வெளிக்காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறார்கள். இன்ஜின் தன் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறது, தன் அளவுக்கு மீறித் தள்ளுகிறது. நம் ஊரில் ஒரு கார் வாழ்நாளில் பெரும்பகுதி 2,000க்கும் 4,500க்கும் நடுவில்தான் ஓடுகிறது. சிக்னலில் பச்சை விழுந்து 50 வரை, இணைப்புச் சாலையில் 40இலிருந்து 80 வரை. எஸ்2000 இந்த இடத்தில் தூங்கும். யாரிஸ் இந்த இடத்தில்தான் விழித்திருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின்தான் சுத்தம், டர்போ என்றால் கலப்படம் என்று நானே பல வருஷம் பேசியவன். இத்தாலியிலோ ஜப்பானிலோ மலைப்பாதை வைத்திருப்பவன் அப்படிப் பேசலாம். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்திலிருந்து அலுவலகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போகிறவனுக்கு டர்போதான் சரி.

சவுத் புவன விஸ்தாவின் வளைவுகளில் ஒரு ஞாயிறு விடிகாலை, ராத்திரி பெய்த மழையின் ஈரம் காயாத சாலை. எஸ்2000 பின்சக்கர ஓட்டம், ஈரத்தில் இரண்டு கையும் ஒரு பிரார்த்தனையும் வேண்டும். ஒருமுறை அதே சாலையில் வால் நழுவி நெஞ்சு வாய்க்கு வந்தது, தப்பு முழுக்க என் காலுடையது. யாரிஸில் அதே வளைவு, அதே வேகம், பெடலைக் கொஞ்சம் அவசரமாக மிதித்துவிட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை. முன்சக்கரம் ஒரு இழு, பின்சக்கரம் ஒரு தள்ளு, கார் பாட்டுக்கு வளைந்து போனது. பெருமூச்சு விட்டேன். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. பழைய காரில் ஒவ்வொரு வளைவும் பரீட்சை, இதில் வாத்தியாரே விடையைச் சொல்லிவிடுகிறார். கியர் இறக்கும்போது இன்ஜின் சுற்றைத் தானே ஏற்றிக் கொடுக்கும் வசதியும் உண்டு, அதை அணைத்து வைத்திருக்கிறேன். பத்து வருஷம் கற்ற வித்தை, விட மனசில்லை.

குறை என்றால் சத்தம். மூன்று சிலிண்டர் உறுமும், பாடாது. ஸ்பீக்கர் வழியாகவும் கொஞ்சம் சத்தம் சேர்க்கிறார்கள், தெரிந்துகொண்ட பிறகு கேட்கப் பிடிக்கவில்லை. பின் இருக்கை இருக்கிறது என்பது சட்டப்படி உண்மை, என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, தலை இடிக்க இன்னும் இரண்டு வருஷம் ஆகும். பின்பெட்டி 174 லிட்டர், முஸ்தபாவில் கொஞ்சம் தாராளமாக வாங்கினால் மிச்சம் மகன் மடியில். ஓட்டுநர் இருக்கை உயரம் என்று கார்ப் பைத்தியங்கள் எல்லாரும் குறை சொல்வார்கள், 2024 மாடலில் தாழ்த்திவிட்டார்கள் என்று பெருமையாகவும் சொல்வார்கள். என் வீட்டில் அந்த உயரத்துக்காகத்தான் மதிப்பெண். அம்மாவுக்கு முட்டி வலி. எஸ்2000இல் ஏறுவது என்றால் முதலில் பின்பக்கமாக விழ வேண்டும், இறங்கும்போது இரண்டு பேர் தூக்க வேண்டும், ஒருமுறை வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் பத்துப் பேர் பார்க்க நானும் பூக்கடைக்காரரும் தூக்கினோம். "அது கார் இல்லப்பா, குழி" என்பார். யாரிஸில் முன் இருக்கையில் தானாக உட்கார்ந்து, தானாகக் கதவைச் சாத்திக்கொண்டு, "இதுக்கு எவ்வளவு கொடுத்த?" என்று கேட்டார். பாதி விலைதான் சொன்னேன்.

நண்பர்கள் நினைப்பதுபோல் நான் இழந்தது இன்ஜினை அல்ல, கூரையை. பகலில் இந்த வெயிலில் எவனும் கூரையைத் திறக்க மாட்டான், திறப்பவன் புதிதாக வாங்கியவன். ராத்திரி பதினொன்றுக்கு மேல் வேறு கதை. பழைய அப்பர் தாம்சன் சாலை, 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி பந்தயம் நடந்த அதே வளைவுகள். இன்றைக்கு ஒருவழிப்பாதை, மெதுவாகத்தான் போக வேண்டும், போகவும் தோன்றும். பொத்தானை அழுத்தினால் ஆறு நொடியில் கூரை பின்னால் மடிந்துவிடும். இரண்டு பக்கமும் காடு, மழை விட்ட பிறகு வரும் இலைமக்கிய வாசனை, சில்வண்டுச் சத்தம், காற்று சட்டென்று இரண்டு டிகிரி குளிர்ந்து கழுத்தில் படும். மனைவி அந்தக் காரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அந்தச் சாலையில்தான், அதுவும் வாய்விட்டு அல்ல, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். போன மாதம் யாரிஸில் அதே வழியாகப் போனோம். கண்ணாடியை இறக்கிப் பார்த்தோம். அது வேறு.

அந்தத் துணிக் கூரைக்கும் வயதாகிவிட்டிருந்தது, அடைமழையில் பயணி பக்கம் சொட்டும். இரண்டு தடவை சரிசெய்து, மூன்றாவது தடவை கைவிட்டேன். சிவப்பு எழுத்துப் போட்ட குட் மார்னிங் துண்டு ஒன்றை நான்காக மடித்து வைத்து ஐந்து வருஷம் சமாளித்தேன். யாரிஸில் மழை பெய்தால் வைப்பர் ஓடுகிறது, அவ்வளவுதான்.

போன வாரம் மாலையில் ஒரு மழை கொட்டியதே, அன்றைக்கு ஈசூன் தம்பி குறுஞ்செய்தி அனுப்பினான். "அண்ணே, இடது பக்கம் தண்ணி சொட்டுது, என்ன செய்றது?" இதற்குள் சிஓஇயைப் புதுப்பித்துவிட்டானாம், பத்து வருஷத்துக்கு.

பயணி சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பார், துண்டு இருக்கும் என்று பதில் போட்டேன்.