எம்டன் கப்பலுக்குக் கம்பி ஒட்டக் கொடுத்து 18,500 ரூபாய் போச்சு

பார்சல் நேற்று சாயங்காலம் வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இன்னொருத்தர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதைச் சூட்டோடு எழுதுகிறேன். எப்படித் தப்பிப்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

மாடல் கப்பல் கட்டுகிறவர்களுக்கு ஃபோட்டோ எட்ச் தெரியும். தெரியாதவர்களுக்காக: மெல்லிய பித்தளைத் தகட்டில் வேண்டியதை மட்டும் விட்டு மீதியை ரசாயனத்தால் அரித்துவிடுவார்கள். தளத்தைச் சுற்றி வரும் கம்பி, ஏணி எல்லாம் முடி மாதிரி மெல்லிசாகக் கிடைக்கும். வெட்டி, மடித்து, ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக் ஒட்டும் பசை பித்தளையைப் பிடிக்காது. சூப்பர் க்ளூவை ஊசி முனையில் தொட்டு வைக்க வேண்டும். எனக்குக் கை நடுங்கும்.

கப்பல் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல். அப்போது ஜார்ஜ் டவுனைக் காலி செய்துகொண்டு ஓடியவர்களில் எங்கள் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். உயர்நீதிமன்ற மதிலில் இருக்கும் கல்வெட்டைக் காட்டி அந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அப்பா. அவருக்கு இப்போது 83. இந்த செப்டம்பர் 22 அன்று கப்பலை அவர் கையில் கொடுக்க ஆசைப்பட்டேன். ரெவெல் கம்பெனியின் 1/350 கிட், அதாவது நிஜக் கப்பலில் 350-ல் ஒரு பங்கு, சுமார் 34 சென்டிமீட்டர் நீளம். உடல், மூன்று புகைபோக்கி, பத்து பீரங்கி எல்லாம் நானே முடித்தேன். கம்பி மட்டும் பாக்கி.

மாடல் கட்டித் தருவதாக ஆன்லைனில் விளம்பரம் செய்யும் ஒருவரைப் பிடித்தேன். வீடியோ காலில் வந்தார். பூதக்கண்ணாடிக்குக் கீழே அரை விரல் நீளக் கம்பியை ட்வீசரில் எடுத்து, ஒரு சொட்டுப் பசையைத் தொட்டு, தளத்தின் ஓரத்தில் அப்படியே நிறுத்தினார். கை அசையவே இல்லை. “கவலைப்படாதீங்கண்ணா, என் கப்பல் மாதிரி பார்த்துக்கறேன்” என்றார். அந்த ஒரு நிமிஷத்தில் விழுந்தேன். கூலி 12,000 முழுசாக முன்பணம். 6,500 ரூபாய்க்கு நான் வாங்கி வைத்திருந்த பித்தளை செட்டையும் பெட்டியில் வைத்து அனுப்பினேன். மொத்தம் 18,500.

மூன்று வாரம் என்றவர் நான்கு மாதம் இழுத்தார். மழை, ப்ரைமர் காயவில்லை. வீட்டில் விசேஷம். கூரியர்காரன் வரவில்லை. செப்டம்பர் 22-ம் போய்விட்டது. அண்ணா என்று கூப்பிட்டவர் நடுவில் சார் என்று மாறினார்.

பெட்டியைத் திறந்தால், கம்பியைச் சுற்றித் தளமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சூப்பர் க்ளூ அளவுக்கு மீறினால் அதன் ஆவி படிந்து இப்படித்தான் ஆகும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கம்பியின் உயரம் கண்ணை உறுத்தியது. வெர்னியர் வைத்து அளந்தேன். 1.4 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் உயரக் கம்பி 1/350 அளவில் கிட்டத்தட்ட 2.9 வர வேண்டும். இது 1/700 கப்பலுக்கான மலிவுக் கம்பி! அந்தத் தளத்தில் ஒரு மாலுமி நின்றால் முழங்காலுக்குத்தான் எட்டும். என் தகட்டில் மூன்று வரிசைக் கம்பி, போட்டோ என்னிடம் இருக்கிறது. ஒட்டியிருப்பது இரண்டு வரிசை. என் செட் எங்கே?

கேட்டேன். “நீங்க அனுப்பினதைத்தான் ஒட்டினேன் சார்.” போட்டோவை அனுப்பினேன். “கூரியர்ல மாறியிருக்கும்.” ஒட்டிய கம்பி கூரியரில் எப்படி மாறும்? அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை, நம்பரை பிளாக் செய்துவிட்டார். 18,500 ரூபாய், நான்கு மாதம், என் கையால் செய்த கப்பல். பிய்க்கவும் பயமாக இருக்கிறது. அசிட்டோன் சூப்பர் க்ளூவைக் கரைக்கும், ஆனால் கூடவே பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும்.

சரி, சொன்னபடி சில விஷயம். முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள். செட்டை அனுப்புவதற்கு முன் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். ஒரு பக்கக் கம்பி முடிந்ததும் அளந்து காட்டச் சொல்லுங்கள். வீடியோவில் ஒரு துண்டு ஒட்டிக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் காலையில் புகார் கொடுத்துவிட்டேன். அந்த 18,500 ரூபாயில் எவ்வளவு திரும்பி வந்தாலும் இங்கேயே எழுதுகிறேன். கப்பல் வந்துவிட்டதென்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.