கியோட்டோவில் கவாய் கான்ஜிரோ வீடு: திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள்

முதல் தடவை திங்கட்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். விடுமுறை நாளை விசாரிக்காமல் கிளம்பியது என் தப்புதான். மறுநாள் திரும்பப் போனதற்கு இன்றுவரை சந்தோஷப்படுகிறேன்.

கோஜோஸாக்கா பகுதியில், தெருவோடு தெருவாக நிற்கும் மரவீடு. குயவர் கவாய் கான்ஜிரோ (1890–1966) தானே வடிவமைத்து 1937-ல் கட்டி வாழ்ந்தது. 1973 முதல் மியூசியம். மியூசியம் என்றுதான் பெயர், ஆனால் யாரோ உறவுக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரியே இருக்கிறது. நடுவில் கணப்புக் குழி, சுற்றிலும் அவர் வடிவமைத்த நாற்காலிகள், அதில் உரலைச் செதுக்கிச் செய்த இருக்கையும் உண்டு. நம் பாட்டி பார்த்தால் திட்டியிருப்பார்.

ஜப்பானியப் பானை என்றாலே வாபி-ஸாபி (எளிமையிலும் குறையிலும் அழகு காணும் ரசனை), மங்கிய பழுப்பு, ஒரு விரிசல், பக்கத்தில் மௌனம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இங்கே சின்ன அதிர்ச்சி காத்திருக்கிறது. 1925-ல் சிந்தனையாளர் யனாகி சோஎட்சு, குயவர் ஹமாதா ஷோஜி ஆகியோரோடு சேர்ந்து மக்கள் கைவினைக்கு 'மிங்கேய்' என்று பெயர் வைத்தவர் இவர், பானைகளில் கையெழுத்துப் போடுவதையே விட்டவர், ஆனால் கடைசிக் காலத்துச் சாடிகளில் சிவப்பும் பச்சையும் கருப்பும் வாரி அடித்த மாதிரி கிடக்கின்றன, அடக்கம் என்ற பேச்சே இல்லை. அறுபதையொட்டிய வயதில் மரச்சிற்பத்தில் வேறு இறங்கியிருக்கிறார்! விரல் நீட்டிய கைகள், முகமூடிகள். பானை வனைந்த கைதான் இதையும் செதுக்கியது என்று பார்த்த உடனே தெரிகிறது. எனக்குப் பானைகளைவிட இவைதான் பிடித்தன.

முற்றத்தில் ஓர் உருண்டைக் கல். ஊர் நண்பர்கள் கல்விளக்கு பரிசளிக்க வந்தபோது, விளக்கு வேண்டாம், உருண்டைக் கல் போதும் என்று கேட்டு வாங்கினாராம். அதை இங்கும் அங்கும் உருட்டி இடம் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அப்புறம் கொல்லைப்பக்கம் போனால் சூளை. சரிவில் படிப்படியாக ஏறும் எட்டு அறைகள், அக்கம்பக்கத்துக் குயவர்களும் பங்குபோட்டுச் சுட்டது. நகரத்துப் புகைக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு அதில் தீ வைப்பதில்லை. எதிரே உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது, நான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாடிப்படி செங்குத்து, முட்டிவலி உள்ளவர்கள் பார்த்து ஏறுங்கள். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். கியோமிஸு கோயில் நடக்கும் தூரம்தான், கூட்டத்தில் இடிபடுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.