நாற்காலி உறையைக் காட்டி ஏமாற்றுகிறார்கள்

சுப்ரீம்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியர் குழுவின் 'மீட் த சுப்ரீம்ஸ்' இசைத்தட்டின் 1962 முதல் பதிப்பு என்று இணையத்தில் யாராவது விற்றால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் யோசிக்காமல் 14,000 ரூபாயைக் கொட்டி அழுதவன்.

இந்தத் தட்டுக்கு ஏன் இவ்வளவு விலை என்பதில்தான் மோசடியின் வேரே இருக்கிறது. டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனம் 1962 டிசம்பரில் இதை வெளியிட்டபோது டயானா ராஸ், ஃபுளோரன்ஸ் பல்லார்ட், மேரி வில்சன் மூவரையும் வெளியே யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. 'ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்' என்று நிறுவனத்துக்குள்ளேயே கேலி செய்தார்கள். நான்காமவரான பார்பரா மார்ட்டின் அதற்குள் விலகியிருந்தார். பாட்டில் அவர் குரல் இருக்கிறது, உறையில் ஆள் இல்லை. 1964இல் வெற்றிகள் வரிசைகட்டிய பிறகு, மூன்று முகங்களும் பெரிதாகத் தெரியும் புதிய உறையோடு இதே தட்டு மறுபடி வந்தது. மூவரும் நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் பழைய உறை அபூர்வமாகிப்போனது. என்னைப் போன்றவர்கள் தேடி அலைவது அதைத்தான்.

விற்றவர் காட்டிய படத்தில் நாற்காலி உறை, ஓரங்களில் பழுப்பு, இடது மேல் மூலையில் ஒரு கீறல். ஐந்து வாரம் கழித்து வந்த பார்சலில் கீறலும் இல்லை, பழுப்பும் இல்லை. நாற்காலிகள் மட்டும் இருந்தன, அதுவும் நகலெடுத்த படம்போல மங்கலாக. பின்னட்டையின் கீழ் மூலையில் ஒரு சிறிய வெள்ளைக் கட்டம். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால், மேலே ஒட்டிய தாளுக்கு அடியில் கோடுகோடாக பார்கோடு தெரிந்தது. கடைப் பொருள்களில் பார்கோடு புழக்கத்துக்கு வந்ததே 1974இல்! இதையாவது ஒழுங்காக மறைத்திருக்கலாம்.

கேட்டேன். "1962இல் வெளிவந்த ஆல்பம் என்றுதான் எழுதியிருந்தேன், 1962இல் அச்சான தட்டு என்று எழுதவில்லையே" என்று பதில் வந்தது. விளம்பரத்தைத் திரும்பப் படித்தேன். தலைப்பில் 'முதல்' என்ற சொல் இருந்தது. 'முதல் ஆல்பம்' என்ற பொருளிலாம். வழக்கறிஞராகப் போயிருக்க வேண்டிய ஆள்.

தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் 606 என்ற வெளியீட்டு எண் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பின்னால் வந்த பதிப்புகளுக்கும் அதே எண்தான். பின்னட்டையின் நான்கு மூலைகளையும், லேபிளையும், பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் உள்ள வெற்று வளையத்தில் பொறித்த எழுத்துகளையும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உறையின் முன்பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

'பட்டர்ட் பாப்கார்ன்' பாட்டில் ஃபுளோரன்ஸின் குரல் இந்தப் போலித் தட்டிலும் கணீரென்றுதான் ஒலிக்கிறது, அதை மறுக்க மாட்டேன். பணம் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. நேற்று பார்த்தேன்: அதே ஆள், அதே படம், அதே மூலையில் அதே கீறல். விலையில் மட்டும் ஆயிரம் கூட்டியிருக்கிறார்.