விம்மின் ரன்டைம் ஃபைல்கள்: வழியை எங்கே எழுதி வைப்பது?

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மாலை நேரம் லினக்ஸ் சொல்லிக் கொடுக்கிறேன். மெஷின்களில் இருப்பது உபுண்டு 22.04, அதோடு வரும் டெக்ஸ்ட் எடிட்டர் விம் 8.2. எங்களுக்கு வேண்டியதோ 2024 ஜனவரியில் வந்த 9.1. மெஷினில் எதையும் நிறுவ வேண்டிய ரூட் பாஸ்வேர்ட் கையில் இல்லை. அதனால் என் லேப்டாப்பில் அதன் மூல நிரலைக் கம்பைல் செய்து (ஓடும் புரோகிராமாக மாற்றி), டார் ஃபைல் என்ற ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தேன். மேலூரிலிருந்து வரும் தம்பி அதைத் தன் ஹோம் ஃபோல்டரில் பிரித்துத் திறந்தவுடன், "அண்ணே, கலரே வர மாட்டேங்குது" என்றான். திரையில் இ484 பிழை. எந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று பார்த்தால், பாதையில் இருந்தது என் யூசர் பெயர்.

விம் என்பது ஒரு பைனரி (ஓடும் புரோகிராம் ஃபைல்) மட்டும் இல்லை. நிறம் போடும் சின்டாக்ஸ், உதவிப் பக்கங்கள், இன்டென்ட் விதிகள், விசைகளை எழுத்தாக மாற்றும் கீமேப் எல்லாம் தனித்தனி ஃபைல்கள். இவைதான் ரன்டைம் ஃபைல்கள். லினக்ஸில் விம், தான் எந்த ஃபோல்டரில் இருந்து ஓடுகிறது என்று பார்த்து அவற்றைத் தேடாது. வேறு எதுவும் சொல்லாவிட்டால், கம்பைல் செய்தபோது நிறுவும் இடமாகக் கொடுத்த ப்ரிஃபிக்ஸ் பாதைக்கே போகும். வெர்ஷன் விவரத்தின் கடைசிப் பகுதியில் 'ஃபால்பேக்' என்று ஒரு வரி வரும். அந்தப் பாதைதான் அது.

அப்படியானால் ப்ரிஃபிக்ஸையே சரியாகக் கொடுத்து மறுபடி கம்பைல் செய்யலாமே? உபுண்டு போன்ற டிஸ்ட்ரோக்கள் செய்வது அதுதான். எல்லா மெஷினிலும் பாதை ஒன்றாக இருந்தால் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஆளுக்கொரு ஹோம் ஃபோல்டர் இருக்கும் இடத்தில், ஆளுக்கொரு பில்ட் போட வேண்டிவரும்.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வழி, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பேஷ்ஆர்சி ஃபைலில் 'விம்ரன்டைம்' என்ற சூழல் மாறியை (புரோகிராம்கள் பார்த்துக்கொள்ளும் பெயரும் மதிப்பும்) எக்ஸ்போர்ட் செய்வது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை இல்லை. அந்த மாறிக்குக் கொடுத்த பாதையை விம் அப்படியே எடுத்துக்கொள்ளும், தன் வெர்ஷனுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காது. மெஷினில் ஏற்கெனவே இருக்கும் 8.2-ஐத் திறந்தாலும் அது 9.1-இன் ஃபைல்களைப் படிக்கப் போகும். புரியாத வரிகளில் பிழை கொட்டும். இன்னொன்று, ஃபோல்டர் பெயரிலேயே வெர்ஷன் எண் இருக்கிறது: 8.2-க்கு விம்82, 9.1-க்கு விம்91. இன்று விம்82 என்று எழுதி வைத்தவர், உபுண்டு 24.04-க்கு மாறிய அன்று அதே இ484-இல் வந்து நிற்பார். எழுதிய வரி அதற்குள் மறந்தே போயிருக்கும்.

இதற்கு அண்ணன் மாதிரி 'விம்' என்ற பெயரிலேயே இன்னொரு மாறி இருக்கிறது. இதில் மேல் ஃபோல்டரை மட்டும் சொன்னால் போதும். அதற்குள் தன் வெர்ஷனுக்கான ஃபோல்டரை விம்மே தேடிக்கொள்ளும். அந்தச் சிறிய வித்தியாசத்துக்காகவே நான் எப்போதும் இதைத்தான் எடுப்பேன்.

சரி, அதை எங்கே வைப்பது? பேஷ்ஆர்சியில் வைத்தால் பழைய 8.2-உம் அதையே பார்க்கும். கட்டளைக்குச் சுருக்கப் பெயராக ஏலியாஸ் போடலாம் என்றால், கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், கமிட் குறிப்பு எழுத எடிட்டரைக் கூப்பிடும்போது உங்கள் ஏலியாஸ் அதற்குத் தெரியாது. மிச்சம் இருப்பது ரேப்பர் ஸ்கிரிப்ட், அதாவது மாறியை வைத்துவிட்டுப் பைனரியை ஓட்டும் சின்ன ஃபைல். ரீட்லிங்க் கட்டளையால் தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடி, அங்கிருந்து ஒரு படி மேலே போய் ஷேர் ஃபோல்டருக்குள் இருக்கும் விம் ஃபோல்டரை மாறியில் வை, பிறகு எக்ஸெக் போட்டு உண்மையான பைனரியை ஓட்டு. நான்கு வரிதான். மூட்டையை எங்கே பிரித்தாலும் ஓடும், டெர்மினலில் நேராகத் திறக்கும் வேறு எந்த விம்மையும் தொடாது.

விம்மிலிருந்து பிரிந்து வந்த நியோவிம் இதைத் தானாகவே செய்கிறது: பைனரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஷேர் ஃபோல்டரைப் பார்த்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தத் தலைவலியே இல்லை. புரோகிராம் முழுதும் ஒரே ஃபைலாக வரும் ஆப்இமேஜும் வசதிதான், ஆனால் பல ஆப்இமேஜ்களுக்கு வேண்டிய பழைய ஃபியூஸ் லைப்ரரி 22.04-இல் முன்கூட்டியே இருப்பதில்லை. ரூட் இல்லாதவர் அதைப் பிரித்துத்தான் ஓட்ட வேண்டும்.

விம் ஃபைல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலான 'ரன்டைம்பாத்' செட்டிங்கைப் பலர் இதே வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். அது நம் சொந்த ஃபைல்களைச் சேர்ப்பதற்கானது. விம்மோடு வரும் தமிழ் கீமேப் யூனிகோடு அல்லாத டிஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறைக்கானது, அதனால் நாங்கள் யூனிகோடுக்கு ஒன்று எழுதினோம். ஹோமில் இருக்கும் புள்ளி-விம் ஃபோல்டருக்குள் கீமேப் என்ற ஃபோல்டரில் போட்டதும் எடுத்துக்கொண்டது. அந்த இடம் ஏற்கெனவே பட்டியலின் தலையில் இருப்பதால் செட்டிங்கைத் தொடவே வேண்டியதில்லை. வேறு இடத்தைச் சேர்ப்பதானால் கூட்டல் குறியோடு சமம் போடுங்கள். வெறும் சமம் போட்டால் முழுப் பட்டியலும் அழிந்து, நிறம் மறுபடி போய்விடும்.

ரேப்பரோடு புது மூட்டையை அந்தத் தம்பியிடம் கொடுத்தேன். வெர்ஷன் விவரத்தில் ஃபால்பேக் வரி இன்னும் என் ஹோமைத்தான் காட்டுகிறது. விம்முக்குள் விம்ரன்டைமை எக்கோ செய்தால் அவன் ஹோம் வருகிறது, நிறமும் வருகிறது.